மஞ்சள் ஊசி

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா, அக்கா? இல்லையா. நல்லது. போடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருப்பது என் அப்பா. அவர் வெளியே வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்ட பிறகும் போடுவதானால் போடுங்கள். உங்கள் கண், உங்கள் இஷ்டம்.

நீங்கள் இந்த ஆஸ்பத்திரி ஆள் இல்லையே? கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். முதல் தடவை வந்தபோது இதே பெஞ்சில் ஒரு பச்சைச் சேலை மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப அன்பாகப் பேசினாள். எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, சர்க்கரை வந்து எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு பார்த்தால் சேலைத் தலைப்புக்குள் அடையாள அட்டை தொங்குகிறது. இங்கே சம்பளம் வாங்குகிறவள். நோயாளியிடம் பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பதுதான் அவள் வேலையாம். அன்றிலிருந்து அன்பாகப் பேசுகிறவர்களைக் கண்டால் முதலில் கழுத்தைப் பார்க்கிறேன். சரி, உங்களுக்குச் சொட்டு மருந்து போட்டிருக்கிறார்கள். கண்மணி விரிந்து இவ்வளவு பெரிசாகக் கிடக்கிறது. அவர்கள் ஆளுக்கு யாரும் சொட்டு போடமாட்டார்கள். நம்புகிறேன்.

என் பேர் கௌசிகா. ஊர் பல்லடம் பக்கம். பதினெட்டு முடிந்தது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. போர்டில் ஒருத்தர் எழுதுவதை அறுபது பேர் ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே எழுதிக்கொள்வது எனக்கு ஆகவில்லை. நான் கேட்டேன். கேட்டால் வெளியே நிற்கச் சொன்னார்கள். வெளியே நிற்பதானால் வீட்டிலேயே நிற்கலாமே என்று வந்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் பத்து தாண்டியது நான் ஒருத்திதான். அம்மா மில்லுக்குப் போகிறாள், அவளுக்கு லீவு என்பதே கிடையாது. அதனால் ரேஷன் கடையா, பேங்க்கா, ஆஸ்பத்திரியா, காகிதம் என்று எது வந்தாலும் "அம்முணியைக் கூப்பிடு" என்பார் அப்பா. நான் படித்துப் பார்த்துச் சரி என்றால் சரி. வேண்டாம் என்றால் வேண்டாம்.

அப்பாவுக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் வேலை. முட்டை பார்க்கிற வேலை. சிரிக்காதீர்கள், அது லேசான வேலை இல்லை. மெஷினுக்குள் முட்டையை அடுக்கிச் சூடு காட்டுவார்கள். பத்து நாள் கழித்து எடுத்து, இருட்டு ரூமில் லைட்டுப் பெட்டிமேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். உயிர் இருக்கிற முட்டை என்றால் உள்ளே சிவப்பாக ரத்த நரம்பு வேர் மாதிரி நாலாபக்கமும் படர்ந்திருக்கும். உயிர் போன முட்டையில் அந்த வேர் காய்ந்து அழிந்து, வெறும் கறை தெரியும். அதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். விட்டால் சூட்டில் அழுகி வெடிக்கும். வெடித்தால் சுற்றி இருக்கிற நல்லதும் போச்சு. அப்பா ஒரு முட்டையைப் பார்க்க ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். பத்தொன்பது வருஷமாக அதே இருட்டு ரூம். அந்த ரூமுக்குள் அவரைக் கேட்காமல் சூப்பர்வைசர்கூடப் போகமாட்டார்.

அப்படிப்பட்ட ஆளை நாலு மாதம் முன்னால் கூப்பிட்டு, "ரங்கசாமி, நீ கழிச்ச முட்டையில உயிரு இருக்குது" என்றால் எப்படி இருக்கும்?

கழித்த ட்ரேயிலிருந்து பத்து முட்டையை எடுத்து உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் குஞ்சு துடித்ததாம். அப்பா வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. விசாரித்தேன். அங்கே தாமோதரன் என்று ஒரு ஆள், அப்பாவுக்கு அடுத்த ஷிப்டு. அப்பா போனால் அந்த ரூம் அவனுக்கு. எனக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. அவன்தான் நல்ல முட்டையை எடுத்துக் கழிவில் வைக்கிறான். வேறு யார் வைப்பார்கள்? அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் விடுவேனா? மறுநாள் ஹேச்சரி கேட்டில் போய் நின்றேன். தாமோதரன் வந்தான். "எங்கப்பா ட்ரேயில நீங்க கை வெச்சீங்களா?" என்று நேராகவே கேட்டேன். அவன் வண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அம்மணி, நான் கை வெக்கறதுக்கு அவரு எங்க எடம் குடுத்தாரு? உங்கப்பன் இப்பல்லாம் முட்டையை நேரா வெச்சுப் பாக்கறதில்ல. தலையைச் சாச்சு சாச்சுப் பாக்கறாரு. கொண்டுபோய்க் கண்ணைக் காட்டு. எங்க மாமனுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று சொல்லி, இந்த ஆஸ்பத்திரிப் பேரையும் சொன்னான்.

பார்த்தீர்களா? அப்பாவின் இடத்தின்மேல் கண் வைத்திருக்கிறவன் அப்பாவின் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறான். எனக்கு அப்போதே இந்த இடத்தின் மேல் நல்ல எண்ணம் இல்லை. ஆனால் "கண்ணு நல்லா இருக்குது" என்று இங்கே எழுதி வாங்கிக்கொண்டு போய் அவன் முகத்தில் காட்டலாம் என்றுதான் அப்பாவைக் கூட்டிவந்தேன்.

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரியில் மட்டும் ரெண்டு எழுத்து தடுமாறினார். மற்றதெல்லாம் சரி. வலது கண், இடது கண், ரெண்டிலும். அந்தப் பையனே "பரவால்லீங்க, நல்லா படிக்கறீங்க" என்றான். அதோடு விட்டிருக்க வேண்டும். விட்டார்களா? சொட்டு போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, டாக்டரம்மா ஒரு லென்சை வைத்து உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பின்னால் ஒரு திரை இருக்கிறது, விழித்திரை, அதற்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று சந்தேகப்படுகிறேன் என்றார். சந்தேகமாம். நல்லாப் படிக்கிற கண்ணைப் பார்த்துச் சந்தேகம்.

"ரத்தம் எந்த அளவுக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்க ஒரு ஊசி போட்டு போட்டோ எடுக்கணும். கையில போடுற மருந்து ரத்தத்தோட கண்ணுக்குப் போகும். போற எடம் வெள்ளையாத் தெரியும், போகாத எடம் கறுப்பாத் தெரியும்" என்றார்.

அந்தக் காகிதம்தான், அக்கா, உங்கள் கையில் இருப்பது. பச்சைச் சேலை மேடம்தான் கொண்டுவந்தாள். "படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா" என்றாள். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. நான் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. பார்த்த உடனே பிடித்துவிட்டேன். அப்பாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஐம்பத்திரண்டு என்று அடித்திருந்தார்கள். மூன்று வயது ஏற்றிப் போட்டால் வயசானவர், கண் கெட்டது இயல்புதான் என்று சொல்லிவிடலாம் இல்லையா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மேடம் என்னவோ விளக்கிக்கொண்டே இருந்தாள். "அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க, மொதல்ல வயசை மாத்துங்க" என்றேன். ஒரு கால் மணி நேரம் நின்று சண்டை போட்டு, வேறு காகிதம் அடித்து வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். அப்பா பக்கத்தில் நின்று, "எங்க அம்முணிகிட்ட யாரும் ஏமாத்த முடியாதுங்க" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னார்.

மஞ்சள் ஊசி. நீங்களும் பார்க்கத்தான் போகிறீர்கள். சாதாரண மஞ்சள் இல்லை. புத்தகத்தில் முக்கியமான வரிமேல் தேய்ப்பார்களே மார்க்கர் பேனா, அந்த மஞ்சள். கையில் ஏற்றினார்கள். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் குமட்டியது. பளிச் பளிச்சென்று போட்டோ. அப்புறம் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு கம்ப்யூட்டரில் காட்டினார்.

கறுப்பில் வெள்ளை வேர். நடுவில் நன்றாகத்தான் படர்ந்திருந்தது. ஓரமாகப் போகப் போக வேர் அறுந்து, சும்மா கறுப்பாகக் கிடந்தது. திட்டுத் திட்டாக. அங்கங்கே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல.

"இந்தக் கறுப்பெல்லாம் ரத்தம் போகாத எடம்" என்றார் டாக்டரம்மா. "குழாயெல்லாம் முடியைவிட மெல்லிசு. சர்க்கரை அதை உள்ளயிருந்து அடைச்சிருச்சு. பட்டினி கிடக்கிற எடம் சும்மா இருக்காது. எனக்கு ரத்தம் வேணும், ரத்தம் வேணும்னு கேக்கும். கேக்கக் கேக்கப் புதுசாக் குழாய் முளைக்கும். இந்த வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்குதே, அது அதுதான்."

நான் கேட்டேன். "ரத்தம் போகலைன்னு நீங்கதான் சொல்றீங்க. புதுக் குழாய் முளைக்குதுன்னும் நீங்கதான் சொல்றீங்க. முளைச்சா நல்லதுதானே?"

"நல்ல கேள்வி" என்றார். நல்ல கேள்வி என்று சொன்னாலே பதில் இல்லை என்று அர்த்தம், எங்கள் இயற்பியல் சாரும் அப்படித்தான். "அது ஒழுங்கான குழாய் இல்லம்மா. சுவரே இல்லாத குழாய். தும்முனாக்கூட உடையலாம். உடைஞ்சா ரத்தம் கண்ணுக்குள்ள கொட்டி எல்லாத்தையும் மறைச்சிரும். அதுக்கு முன்னாடி இந்தப் பட்டினி கிடக்கிற ஓரத்தை லேசர்ல சுட்டுட்டா, அது கேக்கறதை நிறுத்திரும். முளைச்சதும் சுருங்கிரும். நடுப்பார்வை தப்பிச்சுக்கும். அடுத்த வாரமே பண்ணணும்."

சுடுவாராம். நன்றாகப் படிக்கிற கண்ணைச் சுடுவாராம். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்தப் படத்தின் மேலேயே குனிந்திருந்தார். தலையைச் சாய்த்து, மறுபடி சாய்த்து. "இந்த ஓரம் இப்படி ஆகி எத்தன நாளிருக்குமுங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். நான் அவர் கையைப் பிடித்து, "யோசிச்சுச் சொல்றோம்" என்று வெளியே கூட்டிவந்துவிட்டேன். படத்தில் பேரா எழுதியிருக்கிறது இது யார் கண் என்று? வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே படத்தைக் காட்டினால் நமக்கு என்ன தெரியும்? பேருந்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது கேளுங்கள். அன்று சாயங்காலம் பாத்ரூமிலிருந்து அப்பா கூப்பிட்டார். "அம்முணி, இங்க வந்து பாரு." மகளைக் கூப்பிட்டுக் காட்டுகிற காரியமா அது? பயந்துபோய்த்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சிறுநீர் மஞ்சள் இல்லை, அக்கா, எரிகிறது. அந்த மார்க்கர் நிறம். விளக்கைப் போட்டு முகத்தைப் பார்த்தால் முகம் மஞ்சள். கண் முழியும் மஞ்சள். காலையில் இங்கே வந்தபோது நல்ல மனுஷன். ஒரே நாளில் காமாலை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்படி ஆகும் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்தரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ். எங்களுக்கு வடக்கே ஒரு ஊரில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஆள் இருக்கிறார். நகத்தைப் பார்த்தார், முழியைப் பார்த்தார். நான் ஊசி விஷயத்தைச் சொன்னேன். "ஊசிச் சூட்டுல வந்த காமாலை" என்றார். என்னவோ பச்சிலையை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். "இருவத்தொரு நாள் பத்தியம். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. ஈரல் நொந்துபோய்க் கிடக்குது, மாத்திரை மருந்து எதுவும் உள்ள போகக்கூடாது. காலையும் மாலையும் ஒரு சொம்பு கரும்பு ஜூஸ்."

"அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குதுங்களே?" என்று நான் கேட்டேன். கேட்காமல் விடவில்லை, நீங்கள் அதையும் கவனிக்க வேண்டும். "ஆலையில காய்ச்சற சர்க்கரைதான் கெடுதல். இது மண்ணுல வெளையறது" என்றார். காசு வாங்கவில்லை, அக்கா. ஒரு பைசா வாங்கவில்லை. காசே வாங்காதவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான்?

அடுத்த நாள் மஞ்சள் பாதியாகிவிட்டது. மூன்றாம் நாள் சுத்தமாக இல்லை. கண் முழி வெள்ளை வெளேரென்று. ஒரே வேளை மருந்து. இங்கே ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து வரவழைத்ததை, அங்கே ஒரு சொம்பு மோரில் இறக்கிவிட்டார். யாரை நம்புவீர்கள்? நீங்களே சொல்லுங்கள்.

இருபத்தொரு நாள். ஒரு நாள் தப்பவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து வண்டியில் இஞ்சி போட்டு, ஐஸ் போடாமல், தூக்குப்போசியில் நானே வாங்கிக்கொண்டு வருவேன். சர்க்கரை மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். அப்பா, "வேண்டாம் அம்முணி, நாக்கு ஒட்டுது, தாகமா அடிக்குது" என்பார். "குடிச்சாத்தான் ஊசி மருந்து எறங்கும்" என்பேன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார். விஷமெல்லாம் வெளியே போகிறது என்று எனக்குச் சந்தோஷம்.

நடுவில் இங்கிருந்து போன் வந்தது. லேசருக்கு வரவில்லையே என்று. மூன்று தடவை கூப்பிட்டார்கள். அக்கறை இருந்தால் ஒரு தடவை கூப்பிட்டால் போதாதா? மூன்று தடவை கூப்பிட்டால் அது வியாபாரம். மூன்றாம் தடவை நான் போனை எடுத்து, "காமாலை வர வெச்சது பத்தாதா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம், "காமாலையா? இல்லம்மா, அது வந்து..." என்று இழுத்தார்கள். இழுத்தாலே தெரிந்துவிடும் இல்லையா. நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன்.

பத்தியம் முடிந்து ரெண்டாம் நாள். மதியம் வீட்டு வாசலில் வண்டிச் சத்தம். தாமோதரன் ஓட்டிக்கொண்டு வருகிறான். பின்னால் அப்பா, அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அப்பா தாமோதரன் வண்டியில் ஏறியதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

"என்ன பண்ணீங்க எங்கப்பாவை?" என்றேன்.

அவன் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கி, கட்டிலில் உட்கார வைத்தான். அப்புறம்தான் சொன்னான். காலையிலிருந்து அப்பா எடுத்த முட்டையை எல்லாம் கழிவில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்றைக்கூட நல்லதில் வைக்கவில்லை. தாமோதரன் போய்க் கேட்டதற்கு, "எல்லா முட்டையிலயும் ஒரு கறுப்பு நூலு ஓடுது, பாரு, இதுலயும் ஓடுது, இதுலயும் ஓடுது" என்றாராம்.

"நான் லைட்டுப் பெட்டியை அணைச்சேன்" என்றான் தாமோதரன். "அணைச்சுட்டு, இப்பவும் ஓடுதாண்ணான்னு கேட்டேன். இப்பவும் ஓடுதுன்னாரு."

அன்று மாலைக்குள் அந்த நூல் சிவப்பாகி, சிவப்பு கறுப்பாகி, வலது கண்ணில் மேலிருந்து கீழே வரைக்கும் திரை இறங்கிவிட்டது.

இங்கேதான் வந்தோம். வேறு எங்கே போவது? விடிந்ததும் தாமோதரன் கார் பிடித்துக் கூட்டிவந்தான். அதே டாக்டரம்மா. பார்த்தார். "உடைஞ்சிருச்சு" என்றார். அவ்வளவுதான். பிறகு மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். நான் பொய் சொல்கிறவள் இல்லை. நிறுத்தினதைச் சொன்னேன். பத்தியத்தைச் சொன்னேன். கரும்பு ஜூஸைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாள்?"

"இருவத்தொரு நாள்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. திட்டவில்லை. "அந்த ஜூஸ்தான் ஒடச்சுதுன்னு நான் சொல்லமாட்டேன். அடைப்பு பல வருஷமா நடந்தது. ஆனா அன்னைக்கே லேசர் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். வலது கண்ணில் ரத்தம் தானாக வடிகிறதா என்று பார்ப்பார்களாம், வடியாவிட்டால் ஆபரேஷன். இடது கண்ணுக்கு உடனே லேசர். அதிலும் அதே பஞ்சு முளைத்திருக்கிறதாம். அது போய்விட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை.

நான் அப்போதும், "அந்தப் படத்தை மறுபடி காட்டுங்க" என்றேன். காட்டினார். நான் பேர் போட்டிருக்கிறதா என்று மூலையில் தேடினேன். போட்டிருந்தது. அப்பா தேடவில்லை. இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு திரையில் விரலை வைத்தார். "இது போனது. இது போனது. இது நாளைக்குப் போகும். இது இருக்குது. இதை மட்டும் விட்றாதீங்க டாக்டரம்மா" என்றார். டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

அன்று முதல் தடவை லேசர் முடிந்து, வெளியே அந்தத் தண்ணீர்க் குழாய் பக்கம் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன். "உங்களுக்கு அந்தப் படம் எப்படிப்பா புரிஞ்சுது?"

"முட்டை பாக்கறவனுக்குத் தெரியாதா அம்முணி. மொத நாள் பாக்கறப்பவே தெரிஞ்சுது. வேரு காஞ்சிருந்துது. செத்ததை ஓரத்துல இருந்து எடுத்தாத்தான் நடுவுல இருக்கறது பொழைக்கும். பத்தொம்பது வருசமா நான் பண்றதைத்தான் அந்தம்மாவும் சொல்லுச்சு."

"அப்பறம் ஏன் என்கூட எந்திரிச்சு வந்தீங்க?"

"நீ வேண்டாம்னயே."

"நான் சொன்னா?"

"நீ படிச்ச புள்ள. நமக்குத் தெரியாததை எதாச்சும் கண்டுபுடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

அக்கா, இதில் என் தப்பு என்ன? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா அவர்? நான் என்ன கண்டேன், மனசுக்குள் இருப்பதை? ஊசி போட்டால் மஞ்சளாகும் என்று இவர்கள் சொல்லியிருந்தால் நான் அந்த ஊருக்கே போயிருக்க மாட்டேன். பச்சிலை இல்லை, பத்தியம் இல்லை, ஜூஸ் இல்லை. மாத்திரை டப்பா அது பாட்டுக்கு இருந்திருக்கும். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் விட்டார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை, இவர்கள் எதையும் சொல்லமாட்டார்கள், நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன? சொட்டு மருந்தில் எழுத்து தெரியவில்லையா? படித்துக் காட்டவா? கொடுங்கள். உங்கள் பேர், வயது எல்லாம் படிக்கிறேன், சரியா சொல்லுங்கள். சரியா. நல்லது.

கீழே நம்பர் போட்டு எழுதியிருக்கிறது. ஒன்று, எனக்குச் செய்யப்போகும் பரிசோதனை பற்றி விளக்கப்பட்டது. ரெண்டு, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருக்கிறதா உங்களுக்கு? இல்லை. மூன்று, கர்ப்பமாக இருந்தால். இல்லை. நாலு, சிலருக்குக் குமட்டல் வரலாம். வந்தது அப்பாவுக்கு. அஞ்சு, சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்டக் கூடாது. ஆறு, ஊசி போட்ட பின் தோலும் கண்ணும் ஒரு நாள் மஞ்சளாகத் தெரியலாம். சிறுநீர் இரண்டு நாள் வரை அடர்ந்த மஞ்சளாகப் போகும். இது மஞ்சள் காமாலை அல்ல. தானாகச் சரியாகிவிடும்.

இது புதிதாகச் சேர்த்தது.

எங்கள் விஷயம் நடந்த பிறகு சேர்த்திருப்பார்கள், அக்கா. நான் போனில் கத்தினேன் இல்லையா, அதற்குப் பிறகு. முன்னால் இருந்திருக்காது. இருந்தால் நான் பார்த்திருப்பேன். வயதைப் பார்த்தவள் இதைப் பார்க்கமாட்டேனா?

எங்களது இந்தக் கவரிலேயேதான் இருக்கிறது. எல்லாக் காகிதத்தையும் வைத்திருக்கிறேன், நாளைக்கு எதையும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று. பிடியுங்கள் இதை. சீட்டு, ரத்தப் பரிசோதனை, இது லேசர்... இது.

ரங்கசாமி. நாற்பத்தொன்பது.

இருக்கிறது. ஆறாவது வரி. அதே வார்த்தைதான். அதற்கு நேர் கீழே என் கையெழுத்து. கௌசிகா என்று முழுசாக, அழகாகப் போட்டிருக்கிறேன். நான் சண்டை போட்டு வேறு அடித்து வாங்கிய காகிதம். ரெண்டு தடவை என் கைக்கு வந்திருக்கிறது இந்த வரி.

கொஞ்சம் இருங்கள், அக்கா. பேசாதீர்கள்.

அந்த மேடம் விளக்கிக்கொண்டிருந்தது இதைத்தானோ என்னவோ. நான் வயசு வயசு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கதவு திறக்கிறது. அப்பாதான். லேசர் முடிந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதாம், அந்த வெளிச்சத்தில் எல்லாம் இருட்டாக இருக்குமாம். பாருங்கள், நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவர் சுவரைப் பார்த்து, "அம்முணி, எங்க இருக்கற?" என்கிறார்.

"இங்கதான்ப்பா இருக்கறேன். அந்தச் சேர்ல உக்காருங்க, நர்ஸ் அக்கா புடிச்சுக்குவாங்க. ரெண்டே நிமிசம், வந்தர்றேன்."

உங்கள் காகிதத்தை இப்படிக் கொடுங்கள், அக்கா. நான் அவசரமாகப் படித்துவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து வருகிறேன். ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை படிக்கிறேன். முடிகிற வரைக்கும் பேனாவை எடுக்காதீர்கள்.